பத்தில் ஒன்பது பிழைத்தால் நல்ல தண்ணீர்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரி இருக்கிறது. இப்போது அதில் மீன் இல்லை. அந்த ஏரிக்குப் போகிற தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று ஒரு காகிதமும் இருக்கிறது. அதன் அடியில் இருப்பது என் கையெழுத்து. லஞ்சம் வாங்கிக்கொண்டு போட்டதல்ல. யாரும் மிரட்டிப் போடவைக்கவும் இல்லை. கண்ணால் பார்த்து, கையால் எண்ணி, சரி என்று நினைத்துத்தான் போட்டேன். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் விலங்கியல் படித்தேன். கொஞ்ச நாள் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்தேன். பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் கத்துகிறேன் என்று இரண்டாம் வருஷமே அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் திண்டிவனத்தில் இந்தத் தண்ணீர்ப் பரிசோதனை லேப். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "இன்னாம்மா வேல?" என்று கேட்டால் "லேப்ல" என்பேன். ரத்தம் குத்தி எடுக்கிற லேப் என்று நினைத்து, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கவேண்டும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். மீனைத் தண்ணீரில் விட்டு அது சாகிறதா என்று நாலு நாள் பார்ப்பதுதான் என் வேலை என்று உண்மையைச் சொன்னால், இறங்குகிறவரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார்கள். சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

வேலை இதுதான். கம்பெனிகள் வெளியே விடுகிற தண்ணீர் கேனில் சீல் வைத்து வரும். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வாசலில் இருக்கிற ரிஜிஸ்தரில் எழுதிவிட்டு, கேன்மேல் ஒரு நம்பரை மட்டும் ஒட்டி உள்ளே அனுப்புவார்கள். கண்ணாடித் தொட்டியில் அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றி, விரல் நீளக் கெண்டைக் குஞ்சு பத்து விடுவேன். பக்கத்துத் தொட்டியில் நல்ல தண்ணீர், அதிலும் பத்து. தீனி கிடையாது. தொண்ணூற்றாறு மணி நேரம். தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பார்ப்பேன். அசையாமல் கிடந்தால் கண்ணாடிக் குச்சியால் வாலைத் தொடுவேன். வாலும் ஆடவில்லை, செவுளும் ஆடவில்லை என்றால் செத்தது என்று எழுதி வெளியே எடுத்துவிடுவேன். நாலாம் நாள் முடிவில் பத்துக்கு ஒன்பது உயிரோடு இருந்தால் தண்ணீர் பாஸ். கீழே போனால் ஃபெயில். படித்தவர்கள் வகுத்த கணக்கு. நல்ல கணக்குதான், தப்புச் சொல்ல மாட்டேன்.

லேபைப் பெருக்கித் துடைக்க ஓர் அக்கா வந்துகொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சொந்த நிலம் எந்தக் காலத்திலும் இல்லாத குடும்பம். நடவு, களை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவது என்று காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், முட்டிவலி வந்து இங்கே சேர்ந்திருந்தாள். அவள் ஊர் அந்த ஏரிக்கரை. அவள் வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறவர். காலை ஏழு மணிக்கு அவள்தான் லேபைத் திறப்பாள். நான் போய்ச் சேர ஒன்பதரை ஆகும். போனதும் டீ போட்டு வைத்திருப்பாள். அதைக் குடித்துக்கொண்டே அவள் ஊர்க்கதை கேட்பது எனக்கு வழக்கம்.

"கால்வாத் தண்ணி நாறுதும்மா" என்று அந்தச் சித்திரையில் சொல்ல ஆரம்பித்தாள். ஏரிக்குப் போகிற கால்வாய்க்கு மேலே ஒரு கம்பெனி வந்திருந்தது. என்ன தயாரிக்கிறார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பெயர்ப்பலகைகூட இங்கிலீஷில் நாலு எழுத்து. "எரும வாய் வெக்க மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு கால்ல சொறி சொறியா கீது. ஏரி பூட்டுதுன்னா நாங்க எங்கம்மா போறது?"

எனக்குத்தான் மூக்குமேல் கோபமாயிற்றே. "நாறுது நாறுதுன்னு எங்கிட்ட சொல்லி என்னக்கா ஆகப்போவுது? திங்கக்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாங்க இல்ல? ஊரோட போய் நில்லுங்க. தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ணுங்கன்னு கேளுங்க. டெஸ்ட்ல தெரிஞ்சிடும்" என்றேன். மனு எப்படி எழுதவேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தத் தாளை எழுதிய கையும் இந்தக் கைதான்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் அந்த சோப்பு விவகாரம் நடந்தது. பரிசோதனைக்கு வேண்டிய குஞ்சுகளைப் பெரிய சிமெண்ட் தொட்டியில் வளர்ப்போம். ஒவ்வொரு தொகுதியையும் இரண்டு வாரம் அங்கே வைத்துப் பழக்கினால்தான் பரிசோதனைக்கு ஆகும். தொட்டி ஓரம் பாசி படிந்திருக்கிறதே, நான் வருவதற்குள் பளிச்சென்று ஆக்கிவிடுவோம் என்று அக்கா சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட்டாள். பாத்திரம் விளக்குகிற மாதிரி. நான் போனபோது தொட்டி முழுக்க வெள்ளை வயிறாக மிதந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு நான் கத்திய கத்தல் கீழே டயர் கடைவரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். 'நீங்க' போய் 'நீ' வந்தது. 'அக்கா'வும் போய்விட்டது. "அறிவிருக்கா? சோறு திங்கிற இல்ல? இனிமே இந்த ரூம்ல ஒரே ஒரு மீன் செத்துக் கெடந்தாலும் உன்னத்தான் கேப்பேன். அன்னிக்கே நீ வேலைய விட்டுப் போயிடணும்!" எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் தேய்க்கிற நார் சொட்டிக்கொண்டிருந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா என்னைச் சொல்லாத நாள் கிடையாது. அம்மா சொன்னால் எனக்கு அதற்கும் கோபம் வரும்.

மறுநாளும் டீ இருந்தது. ஆனால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். "என்னக்கா, ஊர்ல என்ன விசேஷம்?" என்று நானாகக் கேட்டதற்கு "ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். அதற்குமேல் இறங்கிப் போக எனக்கும் வீம்பு. மூன்று வாரம் அப்படியே போயிற்று. அந்த மூன்று வாரத்தில்தான் அவள் ஊரே திரண்டு விழுப்புரம் போய் மனு கொடுத்தது. அதிகாரிகள் வந்து கால்வாயில் கேன் நிரப்பி, ஊரார் கண்முன்னால் சீல் வைத்து எடுத்துப்போனார்கள். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. பேச்சு நின்றுபோன வீட்டில் சேதி எப்படி வரும்?

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு கேன் வந்தது. நம்பர் ஒட்டியிருந்தது. கொள்ளு வேகவைத்த தண்ணீர் மாதிரி ஒரு நிறம், மூடியைத் திறந்ததும் தொண்டையில் கமறுகிற வாடை. புதுக்குஞ்சுகள் இரண்டு வாரம் பழகித் தயாராக இருந்தன. இரண்டு தொட்டியில் கேன் தண்ணீர், பத்துப் பத்தாக இருபது மீன். நல்ல தண்ணீருக்கு இன்னொரு தொட்டி. பதினொரு மணிக்கு ஆரம்பித்தேன். சோப்புக்குப் பிறகு நாங்கள் வைத்த முதல் பரிசோதனை அது.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பும்போது பார்த்தேன். இருபதும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. காலையில் ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புதன்கிழமை வந்து பார்த்தால் இருபதும் துள்ளிக்கொண்டிருக்கின்றன! மூலைக்கு மூலை ஓடுகின்றன. அட, பழகிக்கொண்டன போலிருக்கிறது என்று எழுதினேன். புதன் சாயங்காலம் மறுபடி மேலே வந்து வாயைத் திறந்தன. வியாழன் காலை மறுபடி துள்ளல். வெள்ளியும் அப்படியே. சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒன்று மட்டும் மல்லாந்து கிடந்தது. இருபதுக்குப் பத்தொன்பது. பாஸ்.

சாயங்காலம் மூச்சுத் திணறுகிற மீன் காலையில் துள்ளுமா? இதை ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கும். எம்.எஸ்ஸி. படித்த நான் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை வளவனூரில் எங்கள் பெரியப்பா பேத்திக்கு நிச்சயதார்த்தம். மத்தியானத்துக்குள் போகாவிட்டால் அம்மா ஆடித் தீர்த்துவிடுவாள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பட்டுப்புடவைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆவணி கடைசியில் அக்கா நாலு நாள் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது ஆளே பாதியாக இருந்தாள். டீ போடவில்லை. தொட்டி அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். என் வீம்பெல்லாம் அப்போதுதான் இறங்கிற்று. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏரி பூட்டுதும்மா" என்றாள். "மொத்தமும் மெதக்குது. கெண்ட, விரா, கெளுத்தி, ஒண்ணு வுடல. கெளுத்திகூட செத்துப் பூட்டுதும்மா, சேத்துல கெடந்து பொழைக்கிற மீனு அது. எங்க வூட்டுக்காரரு எறங்கி வாரிப் போட்டாரு. நாறிப்போச்சின்னா ஊரே இருக்க முடியாதேன்னு. முட்டிக்குக் கீழ தோலு வழண்டுகினு வந்துடுச்சி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில படுத்துக்கினு கீறாரு."

"மனு குடுத்தீங்களாக்கா?"

"குடுத்தமே! நீதான எழுதிக் குடுத்த. வந்து தண்ணி எடுத்துக்கினு போனாங்க. நல்ல தண்ணின்னு ரிப்போர்ட்டு வந்துடுச்சி. மீன வுட்டுப் பாத்தாங்களாம், மீனு சாவலியாம். கம்பெனிக்காரன் அந்தப் பேப்பர ஜெராக்ஸ் எடுத்துக்கினு வந்து ஊருக்கே காட்டுறான். அதுக்கப்புறம்தான் பயமில்லாம தொறந்து வுட்டான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுல கையெழுத்து போட்டது எவனோ, அவன் கை புழுத்துப் போவணும். அவன் பெத்தது மண்ணாப் போவணும்."

எனக்குப் பிள்ளை இல்லை. அந்த நேரத்தில் அதுதான் முதலில் தோன்றியது, என்ன புத்தியோ. "எப்பக்கா தண்ணி எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ஆடியில. மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துனோமே, அதுக்கு மறுநாளு. திங்கக்கெழம."

வாசல் ரிஜிஸ்தரை நான் பார்க்கக்கூடாது. போய்ப் பார்த்தேன். செவ்வாய் வந்த இரண்டு கேனுக்கு நேரே அவள் ஊர்ப் பெயர் இருந்தது. அப்புறம்தான் வாயைத் திறந்து திறந்து மூடிய அந்த இருபது மீனும் ஞாபகத்துக்கு வந்தன.

திரும்பி வந்து, முடிந்த மட்டும் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, ஆடி மாசம், அந்தக் கலங்கல் தண்ணி ரெண்டு தொட்டி வெச்சிருந்தேனே. காலையில நீ வரும்போது அதுல ஏதாவது செத்துக் கெடந்துச்சா?"

"இல்ல மேடம்." 'ம்மா' போய் மறுபடி 'மேடம்' ஆகிவிட்டேன்.

"நான் கத்த மாட்டேன்க்கா. சத்தியமா."

அவள் முந்தானையை முறுக்கினாள். "கெடந்துச்சி" என்றாள். "தெனம் காலைல ஒண்ணு வுடாம மல்லாந்து கெடக்கும். நீ வந்து பாத்தன்னா என்ன வுட்டு வெப்பியா? செத்தத எடுத்துட்டுப் பெரிய தொட்டியில இருந்து புதுசு புடிச்சி வுட்டுடுவேன். எண்ணி வுடுவேம்மா, கூட கொறைய இல்லாம. ஒரு தொட்டிக்குப் பத்து. செத்தத காக்காவுக்கு வீசுனேன், காக்காகூடத் தொடல. சனிக்கெழம ஒண்ணு நீ வர்ற நேரத்துல செத்துடுச்சி, அதான் மாத்த முடியல. நீ ஒண்ணும் சொல்லாம எழுதிக்கினு போயிட்ட. அப்பாடான்னு இருந்துச்சி."

கத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாக அந்த அறையைத் துடைக்கிறாள். அந்த மீன்களை எதற்காக அங்கே வைத்திருக்கிறோம் என்று ஒருநாள், ஒரே ஒருநாள், நான் அவளுக்குச் சொன்னதில்லை. பெருக்குகிறவளுக்கு எதற்கு அதெல்லாம் என்று நினைத்தேனா? நினைக்கக்கூட இல்லை. அதுதான் அசிங்கம். மீன் வளர்க்கிற இடம், மீன் செத்தால் வேலை போகும், இவ்வளவுதான் அவளுக்கு நான் கற்றுக்கொடுத்திருந்தது.

சொன்னேன். இனிமேல் மறைத்து என்ன? அது உங்கள் கால்வாய்த் தண்ணீர், மீன் செத்திருந்தால் கம்பெனியை மூடியிருப்பார்கள், அந்தக் கையெழுத்து என்னுடையது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். "ஊர்ல சொல்லிடாதம்மா" என்றாள். "வெட்டிப் போட்டுடுவாங்க. அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மேனேஜரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். நல்ல மனிதர், என்னைப்போலக் கத்த மாட்டார். "பெருக்குற அம்மா மீனை மாத்திப் போட்டுட்டாங்கன்னு வெளிய சொன்னா இந்த லேப் இருக்குமா? இருபது பேர் வேலை பண்றோம். அந்த அம்மாவை போலீஸ் சும்மா விடுமா? கையெழுத்துப் போட்ட உன்னை விடுமா? வெறும் வாய்ப் பேச்சை வெச்சுக்கிட்டு ரிப்போர்ட்டை வாபஸ் வாங்க முடியாது." பேனாவை மூடி வைத்தார். "ஒண்ணு செய். இந்த வாரத்துக்குள்ள அதே கால்வாய்த் தண்ணிய எடுத்து மறுபடி வை. மீன் செத்துதுன்னா நானே வாபஸ் லெட்டர் எழுதறேன், வந்தது வரட்டும். சாகலைன்னா இதைப் பத்தி நீ வாயைத் திறக்கக்கூடாது."

நான் நேராகத் திங்கட்கிழமை மனுநாளில் போய் நின்று, நடந்தது இது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மீன் தேவையில்லை, நாக்கு போதும். ஊரில் சொல்லாதே என்று அக்கா கேட்டுக்கொண்டாளே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் பயத்தை எடுத்து என் பயத்துக்குப் போர்த்திவிட்டேன். மேனேஜர் போட்ட நிபந்தனை எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. இன்றுவரை எங்கும் போய்ச் சொல்லவில்லை. முதல் தடவையாக இங்கேதான் எழுதுகிறேன்.

புரட்டாசி பிறந்து மூன்று நாளாக மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அக்காவும் நானும் இரண்டு காலி கேனோடு டவுன்பஸ்ஸில் போய் இறங்கி, வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்தோம். மழைத்தண்ணீர் கலந்தால் விஷம் நீர்த்துப்போகுமே, மழை நின்றபிறகு எடுக்கலாமா என்று கேட்டேன். "ஜல்தியா பண்ணிடும்மா. அவரு ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்குள்ள கம்பெனிய மூடிட்டாங்கன்னு ஒரு சேதி சொல்லணும்" என்றாள். ஏரி கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது, மழைத்தண்ணீர் நிறைந்து. கரையோரம் மட்டும் மீன்முள் வெள்ளையாகப் படிந்திருந்தது. கால்வாய் செம்மண் கலங்கலாகப் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து கேனை அமுக்கும்போது எங்கோ பக்கத்தில் ஒரு தவளை கத்திற்று. தவளை கத்தக்கூடாது. தவளை கத்துகிற தண்ணீரில் என் மீன் எப்படிச் சாகும்?

அடியில் சேறாவது இருக்கும், அதிலாவது விஷம் இருக்கும் என்று ஒரு நப்பாசையில் கேனை அடிவரைக்கும் விட்டுக் கலக்கி எடுத்தேன். அப்படி எடுக்கக்கூடாது. எடுத்தேன்.

இரண்டு தொட்டி, இருபது மீன். இந்தத் தடவை அக்காவுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். எத்தனை மணிக்குப் பார்ப்பது, எப்படித் தொடுவது, ஏன் தொடுவது, எத்தனை செத்தால் கம்பெனிக்கு வினை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். நாலு நாளும் நான் முதல் பஸ் பிடித்து ஏழு மணிக்கே வந்துவிட்டேன். நான் வரும்போது அவள் தொட்டிக்கு எட்டடி தள்ளி நின்றிருப்பாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக் கட்டிக்கொண்டு, தெரியாத்தனமாகக்கூட எதையும் தொட்டுவிடக்கூடாது என்பதுபோல.

"எத்தினிம்மா?" என்பாள்.

"இருபதும் இருக்குக்கா."

இரண்டாம் நாளும் இருபது. மூன்றாம் நாளும் இருபது. சாயங்காலம் மேலே வந்து வாயைத் திறக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. அடியில் சாவகாசமாகத் திரிந்துகொண்டிருந்தன. உயிரைப் பிழைக்கவை என்று சாமியிடம் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் தொட்டிக்கு முன்னால் நின்று, சாவுங்கடி, செத்துத் தொலைங்கடி, ஒரு மூணாவது சாவுங்கடி என்று முணுமுணுத்தேன். பின்னால் நின்ற அக்காவும் கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் அதைத்தான் வேண்டியிருப்பாள். அந்த அறையில் இரண்டு பெண்கள் நாலு நாள் சாவுக்காகத் தவம் கிடந்தோம்.

சனிக்கிழமை பதினொரு மணி. மேனேஜரும் வந்து நின்றார். குச்சியை விட்டேன். தொடுவதற்கு முன்னாலேயே விலகி ஓடின. இருபதுக்கு இருபது. "மொத ரிப்போர்ட்டே சரியா இருக்கலாம் பாத்தியா" என்றார் மேனேஜர். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை, முகத்தில் தெரிந்தது. என் தோளில் தட்டப்போனவர், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா அழவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வந்து, நாலு நாளில் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தாள். "நல்லா கொழுகொழுன்னு கீதுங்க" என்றாள். "இதுங்கள இனிமே இன்னா பண்ணுவ? பெரிய தொட்டியில வுட்டுடுவியா?"

"வுடக்கூடாதுக்கா. ஒரு தடவ டெஸ்ட் தண்ணியில இருந்ததத் திரும்பச் சேக்கக் கூடாது."

"அப்புறம்?"

"கிராம்பு எண்ணெய் ஊத்துவேன். மயக்கமாகி அப்படியே போயிடும். வலிக்காது."

"பொழச்சதையுமா?"

"ஆமாக்கா."

அவள் நிமிர்ந்தாள். "அன்னிக்கு நான் புடிச்சி வுட்டனே, புதுசா. கடைசில உசுரோட இருந்துச்சே பத்தொம்போது. அதுங்க?"

"அதுங்களும்தான். சனிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னால நான்தான் ஊத்தினேன்."

"அடிப்பாவி" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஏரியும் பூட்டுது. அவரு காலும் பூட்டுது. அதுங்களும் பூட்டுது. அப்போ நான் இன்னாத்தத்தான்டி காப்பாத்துனேன்?"

கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். பதில் சொன்னால்தான் நகர்வாள் போலிருந்தது. அலமாரியைத் திறந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன்.